குழாயின் இந்தப் பக்கம்

மாலை ஐந்தே முக்கால் மணி. கோட்டைக்குக் கீழே இறங்குகிற சாலை. ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் முட்புதர். விளக்குக் கம்பம் மூன்று, எரிவது ஒன்று. சுரங்கத்தின் கீழ்வாசல் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. இரும்புக் கம்பிக் கதவு... அதற்குப் பின்னால் இருட்டு.

சிரிக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். தாழ்ப்பாள் வேண்டாம், சும்மா சாத்தினால் போதும்.

இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. ஆமாம், எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அந்தச் சித்தப்பாவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். பாதி டம்ளருக்கு மேல் இறங்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குக் கோட்டையில் வழிகாட்டி வேலை. மேலே அரண்மனை, பீரங்கி மேடை எல்லாம் மற்றவர்கள் பங்கு. சித்தப்பாவுடையது சுரங்கப்பாதை. மேல்வாசலில் நுழைந்தால் ஏழு வளைவு. குனிந்தும் நிமிர்ந்தும் நடந்து, மலையின் அடிவாரத்தில் கீழ்வாசலில் வெளியே வரவேண்டும். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை, வௌவால் எச்சத்தின் நெடி. வளைவுக்கு ஒரு விளக்கு, பக்கத்திலேயே அதற்கு ஒரு சுவிட்சு.

கூட்டத்துக்கு முன்னால் சித்தப்பா. கடைசியில் அவருடைய மச்சான், அதாவது சித்தியின் கூடப் பிறந்த ஒரே தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே சித்தப்பாதான். ஆபீசில் அவருக்குத் தலை என்றும் இவனுக்கு வால் என்றும் பெயர். பின்தங்குகிறவர்களை ஓட்டிக்கொண்டு வருவது, யாராவது மூச்சு முட்டி உட்கார்ந்தால் விசிறிவிடுவது வாலின் வேலை. கடைசிக் கூட்டம் கீழ்வாசலில் வெளியேறியதும் அவன் மட்டும் திரும்ப மேல்நோக்கி நடப்பான். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவான். குடை, செருப்பு, தூங்கிப்போன ஆள் என்று யார் எதை விட்டிருந்தாலும் பார்த்துக்கொண்டு மேல்வாசலில் வெளியேறி, அதைப் பூட்டுவான். அதன் பிறகுதான் சித்தப்பா கீழ்வாசலைப் பூட்டவேண்டும்.

மேலே அவன் வெளியேறியது கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் குழாய் வருகிறது. எந்தக் காலத்திலோ தண்ணீர் இறைக்கப் போட்ட இரும்புக் குழாய், சுவரை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஓடும். இறைக்கிற எந்திரம் போய்விட்டது, குழாய் மட்டும் மிஞ்சியது. நாலாவது வளைவில் மட்டும் ஒரு மூட்டு விட்டுப்போய், ஒரு வாய் அகலத்துக்குத் திறந்திருந்தது. மற்றபடி முழுக் குழாய். மேல் முனையில் வாயை அழுத்திப் பேசினால், கீழ் முனையில் காதை அழுத்தி வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். காது வைக்காவிட்டால் பேச்சு ஒன்றும் கேட்காது.

"அத்தான், வெளிய வந்துட்டேன். பூட்டிக்கோங்க!"

"சரி மாப்ளே. பார்த்து இறங்கி வா."

பூட்டு. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் குரல் வராவிட்டால் உள்ளே போய்ப் பார்க்கவேண்டும், அது ஆபீசு விதி. ஒருநாளும் அதற்கு வேலை வந்ததில்லை.

இரண்டு பேரும் டீக்கு வீடு வந்து சேரும்போது உதட்டைச் சுற்றி வட்டமாகத் துரு ஒட்டியிருக்கும். சித்தி டம்ளரை நீட்டுமுன் சொல்லுவாள்: "வாயைத் துடைங்க ரெண்டு பேரும். துரு."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது சித்தப்பாவின் வாய்.

கோட்டையை எந்த ராஜா கட்டினான், எந்த ராஜா இடித்தான் என்று சொன்னால் ஜனம் கொட்டாவி விடுகிறது. அதனால் சித்தப்பா ஒரு பேயை உண்டாக்கினார். ஒருநாள் டீ ஆறுவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்கியதுதான். ஒரு காவலாளி... சுரங்கத்துக்குள் இருக்கும்போது, தெரியாமல் கதவை அடைத்துவிட்டார்கள்... அவன் தட்டினான், யாரும் திறக்கவில்லை... இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறான். நாலாவது வளைவில் இதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார். பின்னால் நிற்கிற மச்சான் கையிலிருக்கும் சாவியால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவான்.

டங்... டங்.

கூட்டம் அலறும். விளக்கு எரியும். எல்லாரும் சிரிப்பார்கள். தலையும் வாலும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அவருடைய பிள்ளைகள் விடவில்லை. மேலதிகாரி இரண்டு பேரையும் எதிரே நிற்கவைத்துக் கேட்டார், யார் செய்த வேலை என்று.

சித்தப்பா வாய் கூசாமல் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் முன்னால நின்னேன். பின்னால இருந்தவன் விளையாட்டு அது."

மச்சான் அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மாதம் அவனையும் வழிகாட்டியாகப் போடுவதாக இருந்தது, உத்தரவு தயாராகி மேசைமேல் இருந்தது. அதை அதிகாரி அவன் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். வீட்டுக்கு வந்தவன் அக்காவிடம் ஒன்றுதான் சொன்னான்: "இனிமே அத்தானோட எனக்குப் பேச்சு இல்லக்கா." அன்று இரவே வேறு இடத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா வழக்கம்போல் காதை வைத்துக்கொண்டு நின்றார். குரல் வரவில்லை. இரண்டு தட்டு வந்தது.

டங்... டங்.

அதே தட்டு. நீ சொல்லிக்கொடுத்ததுதானே, எடுத்துக்கொள் என்பதுபோல. சித்தப்பாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவர் காது வைப்பதை விட்டுவிட்டார். தட்டு கேட்க எதற்குக் காது? ஐந்தடி தள்ளி நின்றாலே கேட்கிறது. குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி நிற்பார். தட்டு வரும். பூட்டுவார். போவார்.

பதினொரு மாதம். ஒரே சுரங்கத்தில், ஒரே கூட்டத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பேர் நடந்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. சித்திதான் நடுவில் கிடந்து அல்லாடினாள். மத்தியானத்தில் தம்பியின் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோவாள், ராத்திரி கணவரிடம் கெஞ்சுவாள்.

"தப்பு என்மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முகத்தைப் பார்த்துக்கூட வேணாம். குழாயில சொன்னாப் போதும்."

"அவன் முதல்ல கூப்பிடட்டும். அத்தான்னு ஒரு தடவை கூப்பிடட்டும், நான் பேசறேன்."

செய்தது இவர், கூப்பிட வேண்டியது அவன். எப்படி இருக்கிறது நியாயம்? சில மனிதர்களுக்கு மன்னிப்புக் கேட்பதைவிடச் சாவது சுலபம். தாங்கள் சாவது இல்லை, மற்றவர்கள் சாவது.

அன்றைக்கு... நான் முதலில் சொன்னேனே, அந்த ஐந்தே முக்கால்.

கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுச் சித்தப்பா கீழ்வாசலில் நின்றார். மச்சான் திரும்பி மேல்நோக்கி நடந்தான். முதல் விளக்கு அணைந்தது. இரண்டாவது. மூன்றாவதும் அணைந்தது, கம்பிக் கதவுக்குப் பின்னால் இருட்டு வந்து நின்றது. வழக்கமாக அவன் மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். அன்றைக்குப் பத்து நிமிடத்திலேயே வந்துவிட்டது.

டங்... டங்.

இவ்வளவு சீக்கிரமா? சித்தப்பா நினைத்தார். சரியாகப் பார்க்காமல் ஓடியிருக்கிறான், வேலையில் ஏய்க்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட. குழாய் ஐந்தடியில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"நேரமாச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டு நடந்தார்.

மறுநாள் கோட்டைக்கு வார விடுமுறை. மத்தியானம் சித்தி சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"தம்பி ராத்திரி ரூமுக்கே வரலையாம்ங்க."

சித்தப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். "சின்னப் பிள்ளையா அவன்? எங்கேயாவது போயிருப்பான். வருவான், விடு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் காலை ஆபீசுக் குமாஸ்தாதான் முதலில் பார்த்தார். மேல்வாசல் பூட்டாமல் கிடந்தது. உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன... நாலாவது வளைவுவரை. அங்கே மச்சான் கிடந்தான். படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து குழாய்வரை தரையில் இழுத்துக்கொண்டு போன தடம். சாவி மட்டும் கையில் இல்லை. மூன்று படி கீழே, அவன் கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது.

மறுநாள் மத்தியானம்வரை, ஏன், அதற்கு மேலும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வாயைச் சுற்றி ரத்தம் காய்ந்திருக்கிறது என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். உடம்பைக் கழுவினது சித்தி. அது ரத்தமா வேறா என்று அவளுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணையில் சித்தப்பா உண்மையைத்தான் சொன்னார். இரண்டு தட்டு வந்தது, பூட்டினேன். காலொடிந்து கிடந்தவன் எப்படி மேலே போய்த் தட்டியிருப்பான் என்று கேட்டார்கள். தட்டு வந்தது என்றே இவர் மறுபடியும் சொன்னார். தட்டு வந்ததாக எழுதிக்கொண்டு வேலையில் தொடரச் சொல்லிவிட்டார்கள். ஊரில் எதிரே சரியென்றார்கள். முதுகுக்குப் பின்னால், பகையை மனதில் வைத்து ஆளை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டான் என்றார்கள். வருகிற ஜனமோ காவலாளிக் கதையை மறந்துவிட்டு, போன மாதம் ஒருத்தர் செத்த இடம் எது என்று கேட்டார்கள். நாலாவது வளைவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது சித்தப்பாதான்.

ஊர் பேசினதை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வீட்டில் இருந்தது. சித்தி அழவில்லை, திட்டவில்லை. ராத்திரி தட்டில் சோறு போட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பாள்.

"காது வெச்சீங்களா?"

"ரெண்டு தட்டு வந்துச்சு."

"அதைக் கேக்கல. காது வெச்சீங்களா?"

"வந்துச்சுன்னு சொல்றேன்ல!"

மறுநாள் ராத்திரி மறுபடியும். ஐந்து மாதம் இப்படிப் போனது. இளைத்துப் பாதியாகிவிட்டார் மனிதர். அவள் ஒருத்தி நம்பிவிட்டால் போதும், மற்றவர்கள் எக்கேடும் கெடட்டும் என்று அவருக்குத் தோன்றியது. நம்பவைக்க அவர் கையில் ஒரு விஷயமும் இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

தட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது.

மச்சான் இடத்துக்கு வந்த புது ஆள் குழாயைத் தொடுவதே இல்லை. மேல்வாசலைப் பூட்டிவிட்டு, சைக்கிளில் சுற்றிக் கீழே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். அவன் போனபிறகு, உள்ளே ஈ காக்கை இல்லாதபோது, தினமும் வரும்... இரண்டு தட்டு. ஐந்து மாதத்தில் ஒருநாளும் சித்தப்பா கிட்டே போய்க் காது வைத்துப் பார்க்கவில்லை. தட்டுத்தான் நன்றாகக் கேட்கிறதே என்று தனக்கே சொல்லிக்கொள்வார். பயம். வேறு ஒன்றுமில்லை, பயம்.

ஒருநாள் சித்தியிடம் சொன்னார். "நாளைக்குச் சாயங்காலம் கீழ்வாசலுக்கு வா. நீயே கேளு. அப்புறம் சொல்லு, நான் பொய் சொல்றேனான்னு."

வந்தாள். புது ஆள் தலையைக் காட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். மணிச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. மேலே பூட்டியாயிற்று. உள்ளே விளக்கு ஒன்றுகூட இல்லை. சித்தப்பா கம்பிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பூட்டும் சாவியும் கையில். சித்தி உள்ளே நுழைந்து நேரே குழாயிடம் போனாள். முட்டி போட்டு உட்கார்ந்து காதை அழுத்தி வைத்தாள்.

சித்தப்பா ஐந்தடி தள்ளியே நின்றார்.

எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஈரச் சுண்ணாம்பின் வாடை... ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வராமல் போய்விடுமோ என்று அவருக்கு வியர்த்தது. இன்றைக்குப் பார்த்து வராவிட்டால் அவர் கதை முடிந்தது.

டங்... டங்.

சித்தப்பா துள்ளினார். சத்தியமாகத் துள்ளினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். "கேட்டியா? கேட்டியா? நான் சொன்னேன்ல! உள்ள யாருமே இல்ல, பார்த்தியா! இப்பவாவது நம்பறியா?"

சித்தி கையை உயர்த்தினாள். பேசாதீங்க என்று.

காதை எடுக்கவில்லை அவள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் திருப்பி, குழாயில் வாயை வைத்து மெதுவாக ஏதோ சொன்னாள். மறுபடி காது. மறுபடி வாய். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளங்கையில் சாவி நனைந்தது.

அவள் எழுந்தபோது காதைச் சுற்றித் துரு. உதட்டைச் சுற்றியும்.

"என்ன... என்ன கேட்டுச்சு?"

"அத்தான், பூட்டிடாதீங்க, கால் போச்சு. அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றான். தட்டு அது நடுவுல வந்துச்சு. அவன் பேச்சை முடிக்கவே விடல."

சித்தப்பா கேட்டார்: "அப்ப... தட்டினது யாரு?"

"என்னைக் கேக்கறீங்களே. அவனை உள்ள வெச்சு அடைச்சது நீங்கதானே. உங்க காவலாளிக் கதைதானே."

பிறகு அவள் ஒதுங்கிக் குழாய்க்கு வழி விட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயங்கரம் என்று பிற்பாடு சித்தப்பாவே சொன்னாராம்.

"அவன் செத்த அன்னைக்கே உதட்டுல துருவைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கான்னு அன்னைக்கே தெரியும். முதல்ல அவன் கூப்பிடட்டும்னு சொன்னீங்கல்ல. கூப்பிட்டுட்டான். அக்கா வந்திருக்கேன்டான்னு நான் சொன்னேன். அத்தானைப் பேசச் சொல்லுங்கன்னு சொல்றான். வாங்க, காது வைங்க."

ஐந்தடி. ஐந்தே அடி. பதினொரு மாதமும் அதற்குமேல் ஐந்து மாதமும் அவர் நடக்காத தூரம். ஒரு கால் எடுத்து வைத்தார். குழாயின் வாய் கறுப்பாக இருந்தது. உள்ளிருந்து லேசாக... காற்றா, மூச்சா... அவர் முகத்தில் பட்டது.

"நேரமாச்சு," என்றார் சித்தப்பா. "வா, போகலாம்."

அவளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவி மூன்று தடவை தவறியது. சித்தி முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். சோறு போட்டாள். அன்று ராத்திரி அந்தக் கேள்வி வரவில்லை. அதன் பிறகும் வரவேயில்லை.

அதே வாரம் சித்தப்பா வேலையை விட்டார். வேறு ஊர், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. போன வருஷம் ஒரு காலைவேளையில் நானும் சிநேகிதனும் அங்கே போயிருந்தோம். புதுக் கட்டடம், சுவரெல்லாம் வெள்ளை. நான் வேண்டுமென்றே சமையலறை, குளியலறை எல்லாம் எட்டிப் பார்த்தேன். எல்லாக் குழாயும் பிளாஸ்டிக். வீடு முழுக்க ஒரு முழ நீளத்துக்குக்கூட இரும்புக் குழாய் கிடையாது.

சித்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சித்தப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். தொண்டை கட்டிப்போய்க் குரலே எழும்பவில்லை. தலையை ஆட்டி வரவேற்றார்.

உதட்டைச் சுற்றி வட்டமாகத் துரு.

சித்தி அவரைப் பார்க்காமலே சொன்னாள், தினமும் சொல்கிற மாதிரி: "வாயைத் துடைங்க. துரு."

அவர் முகம் கழுவப் போனார். சிநேகிதன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "சித்தி... ராத்திரியில கத்தறாரா? யாரையாவது கூப்பிடறாரா?"

சித்தி டம்ளருக்காக என்னிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரியலப்பா. ரெண்டு தட்டு கேக்கும். சரின்னு திரும்பிப் படுத்துக்குவேன். நான் காது வெக்கறதில்ல."